மறைவதற்கும் விலை உண்டு, காண்பதற்கும் விலை உண்டு

சென்ற பருவத்தில் இளநிலைப் பொறியியல் மாணவர்களுக்கு ரேடார் பயிற்சி வகுப்பு நடத்தும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. எதிரொலியின் திறன் தூரத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்று விளக்கிவிட்டு வெளியே வந்தேன். பெங்களூரில் தமிழ் பேசக் கிடைத்த மகிழ்ச்சியோடு ஒரு மாணவர் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார். “அண்ணா, நான் ஆடும் விளையாட்டில் ஒரு கருவி உண்டு. 800 மீட்டரில் தெரிய வேண்டிய எதிரியை 200 மீட்டருக்குள் வந்தால்தான் தெரியும்படி அது செய்துவிடும். வகுப்புக் கணக்குப்படி அது எத்தனை டெசிபல்?”

தூரம் நான்கில் ஒன்றாகக் குறைய வேண்டுமானால் எதிரொலி 256இல் ஒன்றாகக் குறைய வேண்டும். ஏறத்தாழ 24 டெசிபல். அதைச் சொன்னவுடன் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். “அவ்வளவு பெரிய பலனுக்கு அந்த எந்திரம் கொடுக்கும் விலை வெறும் ஒன்றரை டன் எடைதான். இது நியாயமா?”

அப்போது சரியான விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வி என்னை விடவுமில்லை. ஆய்வு மாணவர் ஒருவர் காணொளி விளையாட்டைப் பற்றி இத்தனை நீளமாக எழுதுவதா என்று முகம் சுளிப்போர் சற்றுப் பொறுக்க வேண்டும். அறிதல் என்பதை ஒரு கணினி அமைப்புக்குள் எப்படி உருவகிப்பது என்பது நம் துறையின் கேள்வியும்கூட. அதை ஒரு விளையாட்டு தவறாக உருவகித்தால், அதை ஆடுபவர்களும் அந்தத் தவற்றையே இயற்கை என்று கற்றுக்கொள்கிறார்கள்.

அந்த மாணவர் குறிப்பிட்டது ‘மெக்வாரியர் ஆன்லைன்’. கனடாவின் பிரானா கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி, 2013ஆம் ஆண்டு முறையாக வெளியிட்ட விளையாட்டு. மனிதர் உள்ளே அமர்ந்து இயக்கும் பேரெந்திரங்கள், அதாவது மெக்குகள், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாக மோதிக்கொள்ளும். இதன் மூலம் ஃபாசா நிறுவனம் 1984இல் ‘பேட்டில்டிராய்ட்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்டுப் பின்னர் ‘பேட்டில்டெக்’ என்று பெயர் மாற்றிய பலகை விளையாட்டு. தொடக்கத்தில் உருவாக்குநர்கள் தங்கள் விளையாட்டின் தூண்களுள் ஒன்றாகத் ‘தகவல் போரை’ அறிவித்தார்கள். யாருடைய பீரங்கி பெரியது என்பதோடு, யாருக்கு என்ன தெரியும் என்பதும் வெற்றியைத் தீர்மானிக்கும் என்ற வாக்குறுதி அது. அந்த வாக்குறுதி நிறைவேறவில்லை என்பதும், அதற்குக் காரணம் தொழில்நுட்பக் குறைபாடன்று, கருத்துப்பிழை என்பதும் என் துணிபு.

முதலில் அமைப்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். மெக்கின் உணரி, அதாவது சென்சார், பார்வைக் கோட்டில் இருக்கும் எதிரியை அடிப்படையாக 800 மீட்டர் வரை கண்டுகொள்ளும். கண்டுகொண்டால் எதிரியின் தலைமேல் குறி தோன்றும். அவனுடைய ஆயுதங்களும் சேதங்களும் சில நொடிகளில் திரையில் விரியும். தோழர்களுக்கும் அத்தகவல் போய்ச்சேரும். நெடுந்தூர ஏவுகணைகளுக்கு வேண்டிய ‘லாக்’ கிடைக்கும். 2012 இறுதியில் இதனுள் ‘கார்டியன் ஈ.சி.எம்.’ என்ற மின்னணு எதிர்நடவடிக்கைக் கருவி நுழைந்தது. அதைச் சுமக்கும் மெக்கும், அதைச் சுற்றி 180 மீட்டருக்குள் நின்ற தோழர்களும் உணரிகளின் கண்ணிலிருந்து ஏறக்குறைய மறைந்தார்கள். பின்னாளில் அந்த வட்டம் 90 மீட்டராகச் சுருக்கப்பட்டது; எதிர்க்கருவிகள் வலுவூட்டப்பட்டன; 2017இல் திறன்மரம் வந்தது; மறைவுக் கவசமும் வந்தது. எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. வடிவம் மாறவில்லை. ஒரு கோட்டுக்கு இப்பால் எதிரி இல்லை, அப்பால் முழுவதுமாக இருக்கிறான். அறிதல் ஒரே ஒரு பிட் ஆகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. மூல விளையாட்டின் ஈ.சி.எம். இப்படிப்பட்டதே அன்று. பலகையில் ஓர் அறுகோணம் 30 மீட்டர், ஈ.சி.எம். ஆறு அறுகோணங்களுக்கு, அதாவது 180 மீட்டருக்கு, எதிரியின் வழிகாட்டு அமைப்புகளையும் தகவல் இணைப்புகளையும் தேடுகருவிகளையும் குழப்பும். யாரையும் காணாமற்போகச் செய்யாது. காண்பதைக் கடினமாக்கும் வேலை மறைவுக் கவசத்துக்கு உரியது. அதற்கோ கடும் விலை உண்டு: அதை இயக்கும் ஒவ்வொரு சுற்றிலும் 10 அலகு வெப்பம் ஏறும். வெப்ப அளவுகோலோ 30இல் முடிகிறது. அதைத் தொட்டால் எந்திரம் தானே அணைந்துவிடும். மேலும், கவசத்தை இயக்கியவன் எதிரியின் ஈ.சி.எம். வட்டத்துக்குள் நிற்பவனைப் போலத் தன் மின்னணுத் துணைகளையும் இழக்கிறான். பிறர் கண்ணை மறைப்பவன் தன் கண்ணையும் பாதி மூடிக்கொள்கிறான். நாற்பதாண்டுக்கு முன் தாளும் பகடையும் கொண்டு தொடங்கிய ஒரு மரபு எட்டிய இந்த நுட்பத்தைக் கணினி வடிவம் ஒன்றரை டன் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டது.

இயற்பியல் உலகில் மறைவு எவ்வளவு விலையுயர்ந்தது என்பதற்கு எஃப்-117 விமானமே சான்று. சோவியத் இயற்பியலாளர் பியோத்தர் உஃபிம்ட்செவ் 1962இல் வெளியிட்ட விளிம்பு அலைக் கோட்பாட்டின் துணையோடு லாக்ஹீட் பொறியாளர்கள் அதன் வடிவத்தைக் கணித்தார்கள். 1981இல் அது முதன்முதலாகப் பறந்தது. அம்மறைவுக்காக அது விட்டுக்கொடுத்தவற்றை எண்ணிப் பாருங்கள். ஒலியை விஞ்சும் வேகம் இல்லை. பின்னெரிப்பான் இல்லை. தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் ரேடாரே இல்லை. வயிற்றுக்குள் இரண்டு குண்டுகளுக்கு மட்டுமே இடம்.

இத்தனையும் கொடுத்து வாங்கிய மறைவும் முழுமையானதன்று. 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் அத்தகைய விமானம் ஒன்று பழைய எஸ்-125 ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. சென்டிமீட்டர் அலைகளுக்கு எதிராகச் செதுக்கப்பட்ட உடல், மீட்டர் அலைநீளத்தில் இயங்கும் பழைய தேடு ரேடாருக்கு அதே அளவு மறைவாக இல்லை. வீழ்த்தியவர்களும் இலவசமாகப் பார்த்துவிடவில்லை. தங்கள் ரேடாரின் கதிர்வீச்சையே தேடிவரும் ஏவுகணைகளுக்கு அஞ்சி, அதை மிகக் குறுகிய நேரமே இயக்கினார்கள். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

இங்கிருந்துதான் என் வாதம் தொடங்குகிறது. மறைவு என்பது ஒரு பொருளின் பண்பன்று. காண்பவனுக்கும் காணப்படுபவனுக்கும் இடையே நிகழும் பேரம். இருவரும் விலை கொடுக்கிறார்கள். அந்தப் பேரத்தை நீக்கிவிட்டு மறைவை ஓர் எந்திர வகையின் பிறப்புரிமையாக வழங்கினால், தகவல் போர் நிகழ்வதில்லை. தகவல் சாதி ஒன்று பிறக்கிறது. எல்லா மெக்குகளும் ஈ.சி.எம். சுமக்க முடியாது, சில வகைகளுக்கே அவ்வுரிமை என்பதை இங்கே நினைவுகூர்க.

இதில் அதிகம் பாதிக்கப்படுபவர் யார்? திரையில் எதிரியின் உருவம் எப்படியும் தெரிகிறது. உணரி மறுத்தாலும் கண் மறுப்பதில்லை. ஆகவே லேசரும் பீரங்கியும் கொண்டு, கண்ணால் குறிபார்த்துச் சுடும் தேர்ந்த ஆட்டக்காரனுக்கு ஈ.சி.எம். பெரிய இடையூறன்று. ‘லாக்’ இன்றி இலக்கைத் தொடர இயலாத நெடுந்தூர ஏவுகணைகளை நம்பியிருப்பவனுக்கே அது பேரிடி. அந்த ஏவுகணைகளை முதலில் நாடுவோர் பெரும்பாலும் கைப்பழக்கம் இல்லாத புதியவர்கள் என்பதை இத்தகைய விளையாட்டை ஆடிப் பார்த்த எவரும் அறிவர். தேர்ந்தவனைத் தொடாமல் புதியவனை மட்டும் தண்டிக்கும் விதி, தேர்ச்சியை வளர்க்கும் விதியாகாது. வேவு பார்க்கும் இலகுரக மெக்கின் நிலையும் இதேதான். எதிரி தெரிகிறான், அல்லது தெரியவில்லை என்ற இரண்டே நிலைகள் இருக்கும்வரை, பாதி அறிந்ததைத் துணிந்து முழுமையாக்கும் ஒற்றனின் கலைக்கு அங்கே இடமில்லை.

ஆக, என்ன செய்யலாம்? என் முன்மொழிவுகள் நான்கு.

முதலாவது, அறிதலைப் படிநிலைகளாகப் பிரித்தல். அமெரிக்கப் படையின் இரவுப்பார்வை ஆய்வில் ஈடுபட்டிருந்த ஜான் ஜான்சன் 1958இல் ஓர் அளவுகோலை முன்வைத்தார். ஒரு படக்கருவியின் வழியே இலக்கின் குறுகிய பக்கத்தின் குறுக்கே எத்தனை கோட்டிணைகளைப் பிரித்தறிய முடிகிறது என்பதே அதன் அடிப்படை. ஏதோ இருக்கிறது என்று அறிய ஏறத்தாழ 1 இணை. எத்திசை நோக்கி நிற்கிறது என்று அறிய 1.4, என்ன வகை என்று அறிய 4, இன்னதுதான் என்று அடையாளம் காண 6.4. இந்த விகிதங்களை அப்படியே விளையாட்டுக்குக் கொண்டுவருவோம். முழு அடையாளம் 200 மீட்டரில் கிடைக்குமானால், வகை 320 மீட்டரிலும், ‘ஏதோ ஒன்று’ என்ற ஐயம் 1280 மீட்டரிலும் கிடைக்க வேண்டும். மறைவுக் கருவி இந்தத் தூரங்களைச் சுருக்கட்டும். படிகளை அழிக்கக் கூடாது. 1280இல் ஒரு மங்கலான நிழலைக் கண்ட புதியவன் ஏவுகணையைச் செலுத்த முடியாது. ஆனால் தோழர்களை எச்சரிக்க முடியும், ஒற்றனை அனுப்ப முடியும். செய்வதற்கு அவனுக்கும் ஒரு வேலை கிடைக்கிறது.

இரண்டாவது, காண்பதற்கு விலை. ரேடார் அலை இலக்கை அடையும்போது தூரத்தின் இருபடிக்கேற்பக் குறைகிறது; எதிரொலி திரும்பிவரும்போது அது நான்காம் படியாகிவிடுகிறது. ஆகவே, நீ என்னைக் காணும் தூரத்தைவிட நெடுந்தொலைவில், நீ பார்க்கிறாய் என்பதை நான் அறிந்துகொள்ளலாம். இருட்டில் கைவிளக்கு ஏந்தி நடப்பவனின் நிலை இது. ‘மெக்வாரியர் 4’ ரேடாரை இயக்கு நிலையிலும் அமைதி நிலையிலும் மாற்றிக்கொள்ள இடம் தந்தது. அந்த மரபை மீட்க வேண்டும். இயக்கு நிலையில் 800 மீட்டர் காண்பவன் 1200 மீட்டர் வரை கேட்கப்படட்டும். அமைதி நிலையில் இருப்பவன் 300 மீட்டர் மட்டுமே காணட்டும். ஆனால் கேட்கப்படாமல் இருக்கட்டும். இந்த எண்கள் என் தோராயம், சோதனையில் மாறலாம். கேட்கப்படும் தூரம் காணும் தூரத்தைவிடப் பெரியது என்ற உறவு மட்டும் மாறக் கூடாது.

மூன்றாவது, மறைவதற்கு விலை. அது வெப்பமாக இருக்கட்டும். இந்த விளையாட்டின் உயிர்நாடியே வெப்பந்தான். சுடும்தோறும் ஏறுகிறது, மிகுந்தால் எந்திரம் அணைகிறது. ஆனால் அந்த வெப்பத்துக்கும் எதிரியின் உணரிக்கும் இடையே உரிய தொடர்பு இல்லை. வெப்பக் கதிர்வீச்சு தனிவெப்பநிலையின் நான்காம் படியில் உயர்கிறது. 300 கெல்வினில் இருந்த மேற்பரப்பு 360 கெல்வினை அடைந்தால் கதிர்வீச்சு இரண்டு மடங்குக்கும் சற்று மேலாகிறது. அப்படியானால் சுட்டுச் சுட்டுக் கொதிக்கும் மெக் தொலைவிலிருந்தே தெரிய வேண்டும்; நிழலில் ஆறிய மெக் அருகிலும் தப்ப வேண்டும். மறைவுக் கருவி ரேடாரிடமிருந்து மறைத்து, அதற்கு ஈடாக வெப்பத்தை உள்ளே தேக்கட்டும். நெடுநேரம் மறைந்திருந்தவன் வெளிப்படும்போது அகச்சிவப்பில் தீப்பந்தமாகத் தெரிவான். எப்போது மறைவது, எப்போது விடுவது என்பது அப்போது ஒரு முடிவாகும், பொத்தானாக இராது.

நான்காவது, குழப்பம் தன்னையே அறிவிக்க வேண்டும். இரைச்சலை வீசும் கருவி எதிரியின் திரையை நிரப்பும்; அதே கணத்தில், இரைச்சல் எத்திசையிலிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடும். இரைச்சல் ஒருவழிப் பயணம், எதிரொலி இருவழிப் பயணம் என்பதால், நெருங்க நெருங்க எதிரொலி ஒரு கட்டத்தில் இரைச்சலை விஞ்சும். ரேடார் துறையில் அதை எரித்துக் கடக்கும் தூரம் என்ற பொருள்பட அழைப்பார்கள். ஈ.சி.எம். வட்டம் தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு வெறும் வெறுமையாகத் தோன்றக் கூடாது; ‘அத்திசையில் எவரோ எதையோ மறைக்கிறார்கள்’ என்ற செய்தியாகத் தோன்ற வேண்டும். எத்தனை பேர், எவ்வளவு தூரம் என்பது தெரியாமலிருக்கட்டும். இரு தோழர்கள் இரு இடங்களிலிருந்து திசையைக் குறித்தால் இரு கோடுகள் வெட்டும் இடம் கிடைக்கும். ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார் என்று திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் அரசனுக்கு அறிவுறுத்துவது இதைத்தான். கூட்டாகச் சிந்திக்கும் அணிக்கு விளையாட்டு பரிசளிக்க வேண்டிய இடமும் இதுவே.

மறுப்புகளை நான் அறியாமலில்லை. போட்டி ஆட்டக்காரர்கள் ‘இது தற்செயலைப் புகுத்துகிறது’ என்பார்கள். நான் பகடையை உருட்டச் சொல்லவில்லை. தூரம், வெப்பம், உணரியின் நிலை ஆகிய மூன்றும் தெரிந்தால் விடை எப்போதும் ஒன்றே. ‘வேர்ல்டு ஆஃப் டாங்க்ஸ்’ விளையாட்டில் காட்சித்தூரமும் மறைவளவும் இணைத்துக் கணக்கிடப்படுகின்றன. 50 மீட்டருக்குள் எவரும் தப்ப முடியாது, 445 மீட்டருக்கு அப்பால் எவரும் தாமாக வெளிப்படுத்தப்படுவதில்லை, சுட்டால் மறைவு குறைகிறது. அந்த எண்களை மனப்பாடமாக வைத்துப் போட்டியிடும் சமூகமே அங்கு உருவாகியிருக்கிறது. படிநிலை கொண்ட மறைவு தேர்ச்சிக்கு எதிரியன்று என்பதற்கு இதுவே போதும்.

‘புதியவர்கள் குழம்புவார்கள்’ என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் மக்கள் சிக்கலைக் கண்டு வெறுத்து விலகுவதைவிட, காரணம் தெரியாத தோல்வியைக் கண்டே அதிகம் விலகுகிறார்கள் என்பது என் எண்ணம். எனவே, வீழ்ந்தவனுக்கு ஒரு வரியில் காரணம் சொல்லிவிட வேண்டும்: ‘உன் ரேடார் 1100 மீட்டரில் கேட்கப்பட்டது’, ‘உன் வெப்பம் உன்னைக் காட்டிக்கொடுத்தது’. அடுத்த ஆட்டத்துக்கான பாடம் அந்த ஒரு வரியில் இருக்கும்.

மூன்றாவது மறுப்பு ஏமாற்று மென்பொருள் பற்றியது. எதிரியின் இருப்பிடம் ஆட்டக்காரரின் கணினிக்கு வந்துவிட்டால், அதை மறைவாகப் படித்துக் காட்டும் நிரல்கள் முளைக்கும். படிநிலை அமைப்பு இங்கே ஓரளவு உதவவே செய்யும். ஐய நிலையில் சேவையகம் திசையை மட்டும் அனுப்பினால் போதும். அனுப்பாத தகவலைத் திருட முடியாது. ‘வேலரன்ட்’ விளையாட்டு, கண்ணுக்குத் தெரிய வாய்ப்பில்லாத எதிரியின் இருப்பிடத்தைச் சேவையகத்திலேயே நிறுத்திவைக்கும் முறையைக் கையாள்கிறது. ஆயினும் திரையில் உருவமாக வரையப்பட வேண்டிய எதிரியை இம்முறை காக்காது. அந்த வரம்பை ஒப்புக்கொள்கிறேன்.

இறுதியாக, என் துறையினருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. இயற்பியலை அப்படியே கொண்டுவந்து கொட்டினால் விளையாட்டு மடியும். நான்காம் படி மூலத்தின் கொடுமையால், உண்மையான மறைவு பெரும் உழைப்புக்குச் சிறு பலனே தரும். அந்த விகிதத்தை எந்த ஆட்டக்காரரும் பொறுக்க மாட்டார். இயற்பியலிடமிருந்து நாம் கடன் வாங்க வேண்டியது அதன் எண்களை அன்று. எதுவும் இலவசமன்று என்ற அதன் ஒழுங்கை மட்டுமே.

அந்த மாணவரை மறுபடி சந்தித்தபோது என் விடையைச் சொன்னேன். “24 டெசிபல் நியாயமா என்று கேட்டீர்கள். நியாயம் அந்த எண்ணில் இல்லை. அதை யார் கொடுக்கிறார், யார் பெறுகிறார் என்பதில் இருக்கிறது.” அவர் சிரித்துவிட்டு, “அப்படியென்றால் இதைத் தேர்வில் கேளுங்கள், அண்ணா” என்றார். கேட்கத்தான் போகிறேன். அடுத்த பருவத்தின் பயிற்சித்தாளில் ஒரு கற்பனை மெக், அதன் உணரி, அதன் வெப்பம், அதன் எதிரி ஆகியவை இருக்கும். மாணவர்கள் தூரத்தைக் கணிப்பதோடு நிற்கக் கூடாது. இரு தரப்பும் என்ன விலை கொடுக்கின்றன என்பதையும் எழுத வேண்டும். ரேடாரோ, விளையாட்டு வடிவமைப்போ, நிகழ்தகவோ கற்பிக்கும் நண்பர்கள் இதைவிட நல்ல வினா ஒன்றை அமைக்க முடிந்தால் கீழே எழுதுங்கள், பயிற்சித்தாளில் சேர்த்துக்கொள்கிறேன்.